தீர்மானப் புத்தகத்தில் எழுதின நோய்கள்



மலருக்கு நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதிக் கொடும்மா என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். வரலாறு என்றால் ராஜா, போர், வருஷம், மனப்பாடம். எங்க ஊரில் கோட்டையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. மானாவாரி நிலமும் மாந்தோப்பும் ஒரு மாரியம்மன் கோயிலும்தான் இருக்கு.

ஆனால் எங்க குழுவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கு. குழு ஆரம்பித்த 1999ல் இருந்து எழுதின தீர்மானப் புத்தகம், சேமிப்புப் புத்தகம், கடன் லெட்ஜர் எல்லாம் அதில்தான். சிலதைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வெயிலில் காயப் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். யார் யார் எதுக்காகக் கடன் வாங்கினாங்க என்று ஒவ்வொரு மாசமும் ஒரு வரி எழுதியிருக்கு. அந்த ஒரு வரிகளைப் படிக்கப் படிக்க, எங்க ஊருக்குச் சர்க்கரையும் பிரஷரும் எப்படி வந்தது என்ற கதை தானாகவே வந்துவிட்டது. இதைவிட எனக்குத் தெரிந்த வரலாறு வேறு இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நம்ம மாவட்டத்துக் குழுக்களுக்கு ஒரு பெருமை உண்டு. புதுசாய்ச் சேர்ந்த தங்கச்சிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல் தொடங்கியது. 1989ல் ஐஃபாட் என்ற உலக நிதி அமைப்பின் உதவியோடு சுய உதவிக் குழுக்களைத் தமிழ்நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தது அன்றைய தருமபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது, 2004லதான் பிரிந்தது. அதனால் அந்த முதல் குழுக்கள் நம்ம மண்ணில் முளைத்ததுதான். பிறகு 1997-98ல் மகளிர் திட்டம் வந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த அலையில் ஆரம்பித்தது எங்க குழு. என் மாமியார் அதில் முதல் உறுப்பினர். மாசம் 20 ரூபாய் சேமிப்பு. குழுவில் யாருக்கும் சரியாக எழுத வராது. ஏழாவது படித்த ஒரு பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு கை வேர்க்கடலை கொடுத்துத் தீர்மானம் எழுத வைப்பார்களாம். அந்தப் பையனின் பென்சில் எழுத்துதான் முதல் புத்தகம். நான் 2008ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பத்தாவது படித்த மருமகள் என்று அடுத்த மாசமே புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பென்சில் புத்தகத்தில் கடன் வாங்கின காரணம் எல்லாம் இப்படி இருக்கு. ஆடு வாங்க. ராகி விதைக்க. மகள் பிரசவத்துக்கு. பேரனுக்குக் காய்ச்சல். பாம்பு கடிச்ச செலவு. மஞ்சள் காமாலை. வாந்தி பேதி. கடன் 200, 300, அதிகம் போனால் 500. நோய் வரும், நாலு நாள் படுப்பாங்க, எழுந்திருப்பாங்க. இல்லை என்றால் ஆளையே கொண்டு போய்விடும். ஒரே நோய்க்கு அதே ஆள் இரண்டாவது தடவை கடன் வாங்கினதாக அந்தப் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

அப்போது என்ன சாப்பிட்டீங்க அத்தை என்று என் மாமியாரிடம் கேட்டேன். "என்ன சாப்பிட்டோம்? களிதான்" என்றார். காலையில் ராகிக் கூழ், பகலில் கூழ், ராத்திரி களி. தொட்டுக்கொள்ள கீரை, கொள்ளுத் துவையல், அவரை சீசனில் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ராகி நிலத்திலேயே ஊடுபயிராக அவரை, துவரை, கடுகு எல்லாம் போடுவார்கள். சாமைச் சோறு உண்டு. நெல்லுச் சோறு பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். இட்லி தீபாவளிக்கு. ராகியை வீட்டிலேயே கல்லில் திரிக்கணும். விடிகாலையில் மாமியாரும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து கல்லைச் சுற்றுவார்கள். தண்ணிக்கு ஒரு மைல். விறகுக்குக் காடு. மாட்டுக்குப் புல். ராத்திரி படுத்தால் பிணம் மாதிரி தூக்கம்.

சில பேர் இதைக் கேட்டவுடனே, "ஆகா, அந்தக் காலம்!" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் மாமியாருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்து மூன்றுதான் தங்கியது. மழை இல்லாத வருஷம் களியும் இல்லை. ஆம்பளைகள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் ஒட்டினதைத் தண்ணி விட்டுக் கழுவிக் குடித்தவர்கள் அவர்கள். அந்தக் கல்லைச் சுற்றச் சொன்னால் நான் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன். 1982ல் எம்.ஜி.ஆர் சத்துணவு கொண்டு வந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சோற்றைப் பார்த்த சந்தோஷத்தை இன்னும் சொல்வார்கள். வயிறு நிறைந்தது பெரிய விஷயம். அதைக் குறை சொல்கிறவர்கள் பசியைப் பார்க்காதவர்கள்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. கிருஷ்ணகிரி அணை 1950களில் கட்டினபோதே அணைக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு நெல் வந்துவிட்டது. எங்களை மாதிரி மேட்டு ஊருக்கு நெல்லுச் சோறு ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. 2006ல் கிலோ 2 ரூபாய். 2008 செப்டம்பரில் 1 ரூபாய். 2011 ஜூனில் இருந்து மாசம் 20 கிலோ இலவசம். நான் மருமகளாக வந்த வருஷம் வீட்டில் ராத்திரி களிதான். நாலைந்து வருஷத்தில் மூன்று வேளையும் அரிசி ஆகிவிட்டது. ராகி விதைத்த நிலத்தில் மா வைத்தோம். சில பேர் வீட்டுமனை போட்டார்கள். 2011லேயே இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தது. அம்மிக்கல் கோழிக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டது. குழாயில் தண்ணி வந்தது, கேஸ் வந்தது. இளம் பெண்கள் ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனார்கள். வேன் வாசலுக்கே வரும். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. வரும்போது பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன்.

ஒவ்வொன்றும் நமக்கு நல்லதுதான். என் தோள்வலி போனது கிரைண்டரால். ஆனால் உடம்பு உழைத்த கணக்கு ஒரு பக்கம் குறைய, சோறு, எண்ணெய், சர்க்கரை போன கணக்கு மறு பக்கம் ஏறியது. லெட்ஜர் எழுதுகிற எனக்கு அது ஒரு வரவு செலவு மாதிரிதான் தெரிகிறது. நாலு டீ குடித்தால் நாளைக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. உடம்பு மட்டும் எழுதி வைத்துக்கொண்டது.

எங்க புத்தகத்தில் "சக்கரை" என்ற வார்த்தை முதன்முதலில் வருவது 2006ல். "சக்கரை வியாதி மாத்திரைக்கு ரூ.500" என்று இருக்கு. வாங்கினது எங்க குழுவில் மூத்த அக்கா ஒருவர். அதைப் பற்றிக் குழுவில் எல்லாரும் கேலி பேசினார்களாம், "இவளுக்குப் பணக்கார வியாதி வந்திருக்கு" என்று. அவர் வீட்டுக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் பின்னால் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து. ரத்தப் பரிசோதனை எல்லாம் அதுக்குப் பிறகுதான். எறும்பு மொய்க்கிற அளவுக்குச் சிறுநீரில் சர்க்கரை வருகிறது என்றால் ரத்தத்தில் அது எத்தனை காலமாக ஏறியிருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

அந்த அக்கா பெயர் பிறகு புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. மாத்திரைக்கு 500. கால் புண்ணுக்கு 2,000. கால் விரல் எடுக்க 8,000. அடுத்து இன்னொரு விரல். அடுத்து முழங்காலுக்குக் கீழே. கடைசியாக, "ஆடு விற்றுக் கடன் கட்டினார்" என்று என் கையாலேயே எழுதியிருக்கேன். செருப்பில்லாமல் தோட்டத்தில் நடந்தபோது முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை அதிகமாக இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. புண்ணுக்கு மஞ்சள் வைத்தார், சுண்ணாம்பு வைத்தார். வலி இல்லையே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டார்.

முன்னே மனதில் வைக்கச் சொன்னது இதுதான். பென்சில் புத்தகத்தில் ஒரே நோய்க்கு ஒரே ஆள் இரண்டு தடவை கடன் வாங்கவில்லை. 2006க்குப் பிறகு ஒரே ஆள், ஒரே நோய், ஏழு தடவை, எட்டுத் தடவை. இந்த நோய் வந்து போகிற நோய் இல்லை. வந்து வீட்டோடு தங்குகிற நோய். அதுக்கும் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

பிரஷர் கதை வேறு. அந்த வார்த்தை எங்க புத்தகத்தில் ரொம்ப நாள் வரவே இல்லை. அதுக்கு எறும்பும் மொய்க்காது, தாகமும் எடுக்காது. "தலைசுத்தல்", "மயக்கம்", "திடீர்னு விழுந்துட்டார்" என்றுதான் எழுதியிருக்கு.

இனி என் வீட்டுக் கதையைச் சொல்லணும். மாமியாரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்.

2014ல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாமனாரின் இருமலுக்கு மருந்து வாங்கப் போனோம். அங்கே முப்பது வயசுக்கு மேல் வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும் திட்டம் 2007ல் விருதுநகர், சிவகங்கை இரண்டு மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, 2012ல் தமிழ்நாடு முழுக்க வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாமியாருக்கு 170க்கு 100. நர்சம்மா மாத்திரை கொடுத்து மாசாமாசம் வரச் சொன்னார். ஒரு மாசம் சாப்பிட்டார். அடுத்த தடவை போனபோது 130. "சரியாயிடுச்சு" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். நானும்தான் சொன்னேன், "இனிமே எதுக்கு அத்தை, மாத்திரை சூடு" என்று. பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நிற்கணும். அதெல்லாம் மனசில் இருந்தது. மாத்திரை சாப்பிட்டதால்தான் 130 வந்தது என்று பத்தாவது படித்த எனக்குத் தோன்றவில்லை.

2016 மாசி மாசம். கொள்ளு அடித்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த முறம் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், இடது கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்தது. எங்களுக்கு என்ன தெரியும்? காத்துக் கருப்பு என்றார் ஒருவர். பக்கவாதம், புறா ரத்தம் தடவணும் என்றார் இன்னொருவர். புறாவைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போனார் என் வீட்டுக்காரர். புறா ரத்தமும் தடவினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விளக்கு வைத்தாகிவிட்டது. காலையில் பத்து மணிக்கு முறம் விழுந்தது. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் வாதம் என்றால், நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் மனசுக்குள் மணியை எண்ணினேன். நாங்கள் புறா தேடின நேரமே மூன்று மணி.

உயிர் பிழைத்தார். இடது கை மடியிலேயே இருக்கும். அந்த வருஷத் தீர்மானப் புத்தகத்தில் "மாமியார் வைத்தியத்துக்கு ரூ.20,000" என்று என் பெயருக்கு நேரே என் கையெழுத்திலேயே இருக்கு. மாத்திரை இலவசம். அதை நிறுத்தினதுக்கு 20,000 ரூபாய், 24 தவணை.

போன வருஷம் வட்டாரப் பயிற்சிக்குப் போனபோது ஒரு டாக்டரம்மா ஒரு கதை சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் என்று ஒரு ஜனாதிபதி. அவருக்குப் பல வருஷமாகப் பிரஷர் ஏறிக்கொண்டே போனது. வயசானால் ஏறத்தான் செய்யும் என்று அந்தக் காலத்து டாக்டர்களே நினைத்தார்கள். சரியான மருந்தும் கிடையாது. 1945ல் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்றைக்கு அவருக்குப் பிரஷர் 300க்கு 190. ஜனாதிபதிக்கே அந்த நிலைமை என்றால் புறா தேடின நாங்கள் எந்த மூலை!

அதுக்குப் பிறகு 1948ல் அங்கே ஃபிரேமிங்ஹாம் என்ற ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் 5,209 பேர், 30ல் இருந்து 62 வயசு வரை உள்ள ஆணும் பெண்ணும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்து, பீடி சிகரெட் உண்டா, என்ன வேலை, எப்படி இருக்கீங்க என்று எழுதிவிட்டுப் போனார்கள். நோயாளிகள் இல்லை, சும்மா நல்லா இருந்த ஜனங்கள். வருஷக்கணக்காக எழுதி எழுதித்தான், பிரஷர் ஏறினவர்களுக்கும் புகை பிடித்தவர்களுக்கும் கொழுப்பு கூடினவர்களுக்கும் மாரடைப்பும் வாதமும் அதிகம் வருகிறது என்று உலகத்துக்கே தெரிந்தது. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தக் கணக்கு போகிறதாம். அதைக் கேட்டபோது எங்க தகரப்பெட்டிதான் ஞாபகம் வந்தது. அந்த ஊர் நோய் வருவதுக்கு முன்னாடி எழுதியது. நாங்கள் கால் போன பிறகு, கை போன பிறகு எழுதியிருக்கோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

2020ல் கொரோனா வந்தது. பஸ் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம். மாத்திரை தீர்ந்தவர்கள் அப்படியே இருந்துவிட்டார்கள். மறு வருஷம், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். எங்கே? நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். குழு முதலில் முளைத்த மண்ணிலேயே இதுவும் தொடங்கியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை, ஏனென்றால் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களைக் குழுப் பெண்களில் இருந்துதான் எடுத்தார்கள். 2024ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

எங்க ஊருக்கு வந்தவர் எங்க குழு தங்கச்சி ஒருத்திதான். தோளில் ஒரு பை. அதில் பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின், ஊசி, பஞ்சு, ஒரு நோட்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டினால் எழுதிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவாள். அங்கே டாக்டர் திரும்பப் பார்த்து உறுதி செய்தால், பிறகு மாசாமாசம் மாத்திரை வீட்டுக்கே வரும். கேட்கச் சுலபமாக இருக்கு. அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் எட்டு மணிக்குப் போனால் பெண்கள் தோட்டத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். சாயங்காலம் போனால், "டீ குடிச்சிட்டேனே, நாளைக்கு வா" என்பார்கள். கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் கதவையே திறக்க மாட்டார்கள், "பரம்பரைக்குச் சக்கரைன்னு ஊருக்குத் தெரிஞ்சா சம்பந்தம் வருமா?" என்று. வாங்கின மாத்திரையை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தவர்களும் உண்டு. அவள் அந்தப் பானையில் கையை விட்டு எண்ணிப் பார்ப்பாள். எண்ணுகிற பழக்கம் குழுவில் வந்ததுதானே.

அவள் எங்க வீட்டுக்கு வந்த அன்று மாமியாருக்குத்தான் பார்க்க வந்தாள். பார்த்து முடித்து, "அக்கா, உங்களுக்கும் பார்க்கிறேன், கையை நீட்டுங்க" என்றாள். எனக்கு வயசு 33. எனக்கு எதுக்கு என்று சொல்லிக்கொண்டே நீட்டினேன். 152க்கு 100. மெஷின் ரிப்பேர் என்றேன். அஞ்சு நிமிஷம் உட்கார வைத்துத் திரும்பக் கட்டினாள். 150.

அவளிடம், "எழுதாதே" என்று சொன்னேன். வெட்கமாக இருக்கு, ஆனால் உண்மை. மற்றவர்கள் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை என்று குறை சொல்கிற நானே சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனி வேலைக்குப் போக விடமாட்டார், அல்லது கவலைப்படுவார், அல்லது ஒன்றும் சொல்லாமல் இருப்பார். எது நடந்தாலும் கஷ்டம். இரண்டு மாசம் மறைத்தேன். தலைவலி வந்தால் தைலம்.

அந்த மாசக் கூட்டத்தில் கடன் புத்தகத்தைப் புரட்டும்போது, 20,000 ரூபாய் என்று எழுதின என் கையெழுத்தைப் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் போய் அவளிடம், "எழுதிக்கோ" என்றேன். இப்போது தினமும் ஒரு மாத்திரை. 130க்கு 84, 126க்கு 80 என்று வருகிறது. 130 வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பதை எங்க வீட்டில் இப்போது என் சின்ன மகள்கூடச் சொல்லுவாள்.

உப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதுதான் எனக்கு ரொம்ப வேலை செய்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு சின்ன ஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். எங்க வீட்டில் அஞ்சு பேர். ஒரு நாளைக்கு 25 கிராம், மாசத்துக்கு 750 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாசம் தாண்டியும் மீதி இருக்கணும். எங்க வீட்டில் மாசம் இரண்டு பாக்கெட் போனது. அதுக்கு மேல் ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன்மேலேயே பேனாவில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஒரு மாசம் வீட்டில் சண்டை. குழம்பு சப்பென்று இருக்கு என்று. புளியும் எலுமிச்சையும் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாளித்தேன். இப்போது ஒரு பாக்கெட் 35 நாள் வருகிறது.

ராகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவில் இரண்டு மூன்று பேர், களி தின்றால் சர்க்கரை வராது என்று கேள்விப்பட்டு, பெரிய பெரிய உருண்டையாகத் தின்றார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. ராகியும் மாவுதான், கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும் என்று நர்சம்மா சொன்னார். அந்தக் காலத்தில் களி தின்று மைல் கணக்கில் நடந்தார்கள், கல்லைச் சுற்றினார்கள். நாம் களி தின்று சீரியல் பார்க்கிறோம். சின்ன உருண்டை, கூட நிறையக் கீரை, அவரை, கொள்ளு, சாப்பிட்ட பின் தெருக்கோடி வரை ஒரு நடை. இப்போது ராத்திரி எட்டு மணிக்கு எங்க தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மாரியம்மன் கோயில் வரை நடக்கிறோம். முதலில் ஆம்பளைகள் கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் பின்னாடியே வந்தார்கள். கொஞ்சம் தள்ளித்தான் நடக்கிறார்கள்.

மாம்பழ சீசனில் மட்டும் எங்க தீர்மானம் எல்லாம் பறந்துவிடும். மாங்கொட்டை சப்பாத கிருஷ்ணகிரிக்காரி உண்டா? ஜூன் மாசம் சர்க்கரை பார்க்க வந்தால் எல்லாரும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறார்கள். இதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சர்க்கரை இருக்கிறவர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று நர்சம்மா அளவு சொல்லியிருக்கார். துண்டு எவ்வளவு பெரிசு என்பதில்தான் தகராறு.

கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து வந்ததை நிறுத்திச் சுண்டல் ஆக்கிவிட்டோம். 2023 பொங்கல் முடிந்து, மாசக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். சேமிப்பு எழுதுவதுக்கு முன்னாடி, முப்பது வயசுக்கு மேலான எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பது, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்ப்பது, அதைத் தனி நோட்டில் எழுதுவது, அந்த நோட்டை உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் காட்டுவதில்லை. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அக்கா. அதைச் சேர்த்த பிறகுதான் அவரும் கையை நீட்டினார். அவருக்குச் சர்க்கரை 280 இருந்தது. காலில் ஒரு புண்ணும் இல்லை. அன்றைக்கு எழுதினோம், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவர் பெயரில் மருத்துவக் கடன் இதுவரை ஒன்றும் இல்லை.

கால் இழந்த அந்த மூத்த அக்கா போன வருஷம் தவறிவிட்டார். அவர் பெயருக்கு நேரே கோடு போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. கடன் பாக்கி எதுவும் இல்லை, எல்லாம் கட்டிவிட்டார்.

என் மாமியார் இப்போதும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகிறார். கைத்தடி ஊன்றி, எல்லாருக்கும் முன்னாடி வந்து உட்கார்ந்து, வலது கையை நீட்டுவார். மெஷின் பட்டை இறுகும்போது கண்ணை மூடிக்கொள்வார். எண் வந்தவுடனே என்னைப் பார்த்து, "எழுதிட்டியா?" என்று கேட்பார். எழுதிவிட்டேன் அத்தை என்று நோட்டைக் காட்டினால், "உன்னது எவ்வளவு?" என்பார். அதையும் காட்டணும். காட்டின பிறகுதான் சேமிப்புப் பணத்தை முந்தானையில் இருந்து அவிழ்ப்பார்.